எலக்ட்ரானின் மின்னூட்டம்: மேகமா, புள்ளியா?

கேள்வி, ஜனவரி 6

ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் மேகம் மாதிரி பரவியிருக்கிறது என்று படம் போடுகிறார்கள். அப்படியானால் மின்னூட்டமும் பரவித்தானே இருக்க வேண்டும்? பரவியிருந்தால் மேகத்தின் ஒரு பகுதி மறுபகுதியைத் தள்ளாதா? இல்லை, அது புள்ளிதான் என்றால் மேகப் படம் எதற்கு? தயவுசெய்து "இரண்டும் சரி" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஜனவரி 6, இரவு

சொல்ல மாட்டேன். "தள்ளாதா?" என்று கேட்டீர்களே, அதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும்; இதைத்தான் பிணைப்பு என்கிறேன். குவாண்டம் இயக்கவியலின் அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாடு இந்த எண்ணை அப்படியே தருகிறது. அந்தச் சமன்பாட்டில் நிலையாற்றலுக்கு ஒரே ஓர் உறுப்புதான்: புரோட்டான் எலக்ட்ரானை இழுப்பது. எலக்ட்ரான் தன்னையே தள்ளிக்கொள்வதற்கு அதில் இடமே கிடையாது.

இப்போது மின்னூட்டம் நிஜமாகவே மேகம் என்று வைத்துக்கொண்டு அந்தத் தள்ளுதலைச் சேருங்கள். மேகத்தின் வடிவத்தை மாற்றாமல் விட்டால் தன்விலக்கு ஆற்றல் சுமார் 8.5 எலக்ட்ரான் வோல்ட் வருகிறது. 13.6-இல் அதைக் கழித்தால் மிச்சம் 5.1. தள்ளுதலால் மேகம் கொஞ்சம் உப்பும், அதையும் அனுமதிப்போம். அதே வகை வடிவத்தில் அளவை மட்டும் மாற்றவிட்டால் மேகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாகி, பிணைப்பு 6.4-க்கு ஏறும். அதற்குமேல் வடிவத்தையும் முழுதாக அவிழ்த்துவிட்டாலும் 13.6 பக்கம் வராது.

தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கோ நடக்கும் சண்டை இல்லை இது. விடை பாதிக்குமேல் அடிபட்டுப் போகிறது. மேகத்தின் ஒரு பகுதி இன்னொரு பகுதியைத் தள்ளுவதில்லை.

ஜனவரி 7

"ஒரே வடிவமுள்ள இரண்டு மேகங்களின் விலக்கு 17 என்று படித்திருக்கிறேன், நீங்கள் 8.5 என்கிறீர்களே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் ஒரே கணக்குதான். இரண்டு தனித்தனி எலக்ட்ரான்கள் அந்த வடிவத்தில் இருந்தால் 17. ஒரே மேகம் தன்னைத்தானே தள்ளும்போது ஒவ்வொரு ஜோடித் துண்டும் இரண்டு முறை எண்ணப்படுவதால் பாதி. 17-ஐ வைத்தால் மேகக் கட்சி இன்னும் மோசமாகத் தோற்கும்.

ஜனவரி 8

இந்த மேகத்தை முதலில் கட்டியவர் ஷ்ரோடிங்கரேதான். 1926-இல் அவர் அலைச்சார்பின் (அவருடைய சமன்பாட்டின் தீர்வு, எலக்ட்ரானின் நிலையை விவரிக்கும் சார்பு) வர்க்கத்தை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கி, நிஜமான மின்னூட்ட அடர்த்தி இதுதான் என்று எடுத்துக்கொண்டார். அதற்கு நல்ல காரணமும் இருந்தது. நிலையான ஆற்றல் மட்டத்தில் இந்த அடர்த்தி காலத்தோடு மாறாது. மாறாத மின்னூட்டம் கதிர்வீசாது. சுற்றிவரும் எலக்ட்ரான் ஏன் ஆற்றலை இழந்து கருவுக்குள் விழவில்லை என்ற பழைய தலைவலி ஒரே அடியில் போய்விடுகிறது. இரண்டு மட்டங்களைக் கலந்தால் அடர்த்தி ஆடுகிறது. ஆடும் அதிர்வெண் பார்த்தால் அணு வெளிவிடும் ஒளியின் அதிர்வெண். அவர் இடத்தில் யார் இருந்தாலும் இதை விட்டுக்கொடுக்க மனசு வந்திருக்காது.

மூத்த இயற்பியலாளர் லோரன்ட்ஸ் கடிதம் எழுதி மறுத்தார்: அலைக்கட்டு (ஓரிடத்தில் குவிந்த அலைத்தொகுப்பு) நாளடைவில் பரந்துவிடும், பிறகு எலக்ட்ரான் என்று எதைச் சொல்வது? அதே ஆண்டு மாக்ஸ் போர்ன் மோதல்களைப் பற்றிய கட்டுரையில் நிகழ்தகவு விளக்கத்தைக் கொண்டுவந்தார்: அலைச்சார்பு சொல்வது மின்னூட்டம் எவ்வளவு என்பதை அல்ல, எலக்ட்ரான் அகப்படும் வாய்ப்பை. முதலில் நிகழ்தகவு அலைச்சார்போடு தொடர்புடையது என்று எழுதிவிட்டு, அச்சுப்படி திருத்தும்போது அடிக்குறிப்பில் "வர்க்கம்" என்று சேர்த்தார். குவாண்டம் இயக்கவியலில் அதிகம் பயன்படும் விதி அடிக்குறிப்பாக நுழைந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். 1954-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

ஜனவரி 8, சற்றுப் பிறகு

மின்விசிறி உவமையை ஒருவர் போட்டிருக்கிறார்: இறக்கை வேகமாகச் சுற்றினால் தட்டு மாதிரி தெரிவதுபோல, புள்ளி எலக்ட்ரான் வேகமாக ஓடுவதால் மேகமாகத் தெரிகிறது என்று. பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் வேலைக்கு ஆகாது. ஹைட்ரஜனின் அடிநிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் மட்டத்தில், நிகழ்தகவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடுவதே இல்லை; ஓட்டம் சுழி. எங்கும் எதுவும் சுற்றவில்லை. சராசரி இயக்க ஆற்றல் மட்டும் 13.6 எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது, அது வேறு விஷயம். விசிறியை அதிவேகக் கேமராவில் எடுத்தால் இறக்கையின் பாதையைத் தொடரலாம். இங்கே தொடர்வதற்குப் பாதை என்று ஒன்று அலைச்சார்பில் எழுதப்படவே இல்லை.

ஜனவரி 10

இதுவரை மேகத்தைத் திட்டிக்கொண்டே இருந்தேன். இன்று அதன் பக்கம் பேசுகிறேன், ஏனென்றால் வேதியியல் படித்த நண்பர் ஒருவரோடு நேற்று நீண்ட வாக்குவாதம். அவருக்கு எலக்ட்ரான் அடர்த்திதான் உலகமே. "நீ புள்ளி புள்ளி என்கிறாய், நான் தினமும் மேகத்தை அளக்கிறேன்" என்றார். அவர் சொல்வது வெறும் பேச்சில்லை.

எக்ஸ் கதிர்களைப் படிகத்தில் செலுத்தி, சிதறலின் வடிவத்திலிருந்து திருப்பிக் கணக்கிட்டால் கிடைப்பது எலக்ட்ரான் அடர்த்தியின் வரைபடம். வைரத்தில் ஒரு குறிப்பிட்ட பிரதிபலிப்பு உண்டு, 222 என்று பெயர். கார்பன் அணுக்கள் உருண்டையான மேகங்களாக இருந்தால் அது சுத்தமாக மறைந்திருக்க வேண்டும். மங்கலாகத் தெரிகிறது. அணுக்களுக்கு நடுவே பிணைப்பில் குவிந்த மின்னூட்டத்தின் தடம் அது.

இன்னும் பலமான சாட்சி ஹெல்மன்–ஃபைன்மன் தேற்றம். 1930-களில் இருவரும் தனித்தனியே எழுதியது. ஒரு மூலக்கூறில் அணுக்கருக்களை நிறுத்திவைத்து, ஒரு கருவின் மீது விழும் விசையைக் கேளுங்கள். மற்றக் கருக்களின் விலக்கு, கூடவே எலக்ட்ரான் மேகத்தைச் சாதாரண மின்னூட்டமாக எடுத்துக்கொண்டு கூலூம் விதியில் போட்ட இழுப்பு. அவ்வளவுதான், வேறு குவாண்டம் சரக்கு எதுவும் வேண்டாம். தோராயம் இல்லை, சரியான அலைச்சார்பு இருந்தால் துல்லியமான சமன்பாடு. இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலே வந்தது. வெறும் நிகழ்தகவு எப்படி ஒரு கருவை இழுக்கும்?

ஜனவரி 11

எரிச்சல் தீர்ந்த விதம். கரு கேட்பது சராசரி விசையை. சராசரி விசையைக் கணக்கிட, எலக்ட்ரான் இங்கே இருந்தால் இவ்வளவு, அங்கே இருந்தால் அவ்வளவு என்று நிகழ்தகவால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டல், பரவிய மின்னூட்டத்தின் விசையைக் கூட்டுவதோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறது. காரணம், கருவின் மீதான விசை எலக்ட்ரானின் ஓர் இடத்தை மட்டும் பொறுத்தது. தன்விலக்கு என்பது எலக்ட்ரானின் இரண்டு இடங்களை ஒரே நேரத்தில் கேட்கிறது. ஓர் எலக்ட்ரானுக்கு இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் அகப்படும் நிகழ்தகவு கிடையாது. எனவே அந்த உறுப்பு எழுதப்படுவதே இல்லை.

ஆகவே என் நிலைப்பாடு இது: மேகம் என்பது மற்றவர்கள் எலக்ட்ரானைச் சராசரியாக உணரும் விதம். எலக்ட்ரான் தன்னை அப்படி உணர்வதில்லை. ஒரு படத்தைக் காட்டினால் நான் முதலில் கேட்பது, இது தன்னைத் தள்ளுமா என்பதுதான்.

ஜனவரி 11, இரவு

"சராசரி என்றால் தப்பித்துக்கொள்ளும் வார்த்தை" என்று கேள்வி கேட்டவரே வந்திருக்கிறார். நியாயம். சராசரியாகப் பார்க்காத சோதனைகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

காம்ப்டன் 1923-இல் வெளியிட்டது: எக்ஸ் கதிர் எலக்ட்ரானில் பட்டுத் தெறிக்கும்போது அலைநீளம் கூடுகிறது, கூடும் அளவு முழு எலக்ட்ரானின் நிறையை வைத்துப் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறது. மேகத்தின் ஒரு மூலை உதை வாங்கிப் பிய்ந்து போவதில்லை. முழுசாக ஓர் எலக்ட்ரான் உதை வாங்கி ஓடுகிறது. வைரத்தின் அடர்த்திப் படம் போட்ட அதே எக்ஸ் கதிர்தான் இதுவும். ஆற்றல் மாறாமல் வரும் சிதறலைச் சேகரித்தால் மேகம் கிடைக்கிறது, பின்னுதைப்புள்ள சிதறலைச் சேகரித்தால் தனி எலக்ட்ரான் கிடைக்கிறது.

டோனோமுராவும் சகாக்களும் 1989-இல் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிக் குறுக்கீட்டுப் பட்டைகள் மெல்ல மெல்ல உருவாவதைக் காட்டினார்கள். திரையில் ஒவ்வொன்றும் ஒரே புள்ளி. கால் புள்ளி, அரைப் புள்ளி என்று எதுவும் விழவில்லை.

ஜனவரி 13

இதில் எனக்குப் பிடித்த அமைப்பு இரட்டைக் குவாண்டம் புள்ளி. குறைகடத்தியில் அருகருகே இரண்டு சின்னக் குழிகள், நடுவே ஒரே எலக்ட்ரான், பக்கத்தில் மின்னூட்டத்தை உணரும் ஒரு உணரி. எலக்ட்ரான் இரண்டு குழிகளிலும் சமமாகக் கலந்த நிலையில் இருக்கும்போது, குழிகளுக்கிடையே ஊடுருவல் (தடுப்பைக் கடந்து மாறுவது) வேகமாகவும் உணரி மந்தமாகவும் இருந்தால், உணரி காட்டுவது இரண்டுக்கும் நடுவிலான அளவு. இடப்பக்கம் பாதி மின்னூட்டம் இருப்பது போலவே தெரியும். உணரியைப் போதுமான வேகத்திலும் வலுவாகவும் இணைத்தால், ஒவ்வொரு அளவீட்டிலும் இடம் அல்லது வலம், முழு மின்னூட்டம். பாதி என்பது ஒருமுறைகூட வராது.

மேகத்தின் ஆட்கள் முதல் அளவீட்டைக் காட்டுவார்கள், புள்ளியின் ஆட்கள் இரண்டாவதை. இரண்டையும் ஒரே அலைச்சார்பு சொல்லிவிடுகிறது. ஆனால் கவனியுங்கள், பாதி–பாதியாக இருந்தபோதும் இடப்பக்கப் பாதி வலப்பக்கப் பாதியைத் தள்ளுவதற்கான ஆற்றல் எங்கும் தென்படுவதில்லை. இரண்டு குழிகளிலும் ஒவ்வோர் எலக்ட்ரான் இருந்தால் அந்த விலக்கு தெளிவாகத் தெரியும்.

ஜனவரி 13

"பின்ன மின்னூட்டம் அளந்திருக்கிறார்களே?" ஆமாம். 1982-இல் பின்னக் குவாண்டம் ஹால் விளைவு (காந்தப்புலத்தில் உள்ள எலக்ட்ரான் படலத்தின் மின்தடை பின்ன எண்களில் படிகளாக அமைவது) கண்டுபிடிக்கப்பட்டது, அடுத்த ஆண்டு இயற்பியலாளர் லாஃப்லின் மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் என்ற விளக்கம் தந்தார், 1997-இல் மின்னோட்ட இரைச்சலை அளந்து அதை உறுதி செய்தார்கள். ஆனால் அங்கே ஓர் எலக்ட்ரான் மூன்றாக உடையவில்லை. கடுங்குளிரில், வலுவான காந்தப்புலத்தில், எண்ணற்ற எலக்ட்ரான்கள் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் எழும் ஒரு கிளர்வுக்கு (கூட்டான அசைவுக்கு) அந்த மின்னூட்டம். மேகக் கட்சிக்கு இதில் வாக்கு இல்லை.

ஜனவரி 16

புள்ளி என்று சொன்னதும் சிலருக்கு ஒரே கொண்டாட்டம். கொஞ்சம் பொறுங்கள்.

முடுக்கிகளில் மோதவிட்டுப் பார்த்தவரை எலக்ட்ரானுக்கு உள்ளமைப்பு தெரியவில்லை. இருந்தால் அது 10⁻¹⁸ மீட்டரைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். பழைய இயற்பியலில் மின்னூட்டத்தை உருண்டையாக்கி, அதன் ஆற்றலை நிறையோடு சமன் செய்து எடுத்த "ஆரம்" 2.8 × 10⁻¹⁵ மீட்டர். அந்த உருண்டை எப்போதோ செத்துவிட்டது.

ஆனால் எலக்ட்ரானை 10⁻¹⁸ மீட்டரில் உட்கார வைக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. காம்ப்டன் அலைநீளம் 2.4 × 10⁻¹² மீட்டர். அதைவிட மிகச் சின்ன இடத்தில் எலக்ட்ரானை அடைக்கப் பார்த்தால், தேவைப்படும் ஆற்றலில் எலக்ட்ரான்–பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) ஜோடிகள் பிறக்கத் தொடங்கும். அப்புறம் எந்த எலக்ட்ரானை அடைத்தோம் என்று கேட்பதே வீண். நெருங்க நெருங்க மின்னூட்டத்தின் வலிமையும் கூடுகிறது. அந்த வலிமையைக் குறிக்கும் எண்ணான, வழக்கமாக 1/137 என்று எழுதும் நுண்கட்டமைப்பு மாறிலி, 91 கிகா எலக்ட்ரான் வோல்ட் அளவில் சுமார் 1/128. தூரத்திலிருந்து பார்க்கும்போது வெற்றிடம் அதைக் கொஞ்சம் மறைத்துக் காட்டுகிறது.

எனவே "புள்ளி" என்பதை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: மோதலில் துண்டுகள் தெரிவதில்லை, மின்னூட்டம் பிரிந்து வருவதில்லை. சின்னக் கோலிக்குண்டு ஒன்றைக் கற்பனை செய்யாதீர்கள்.

ஜனவரி 17

முதல் குறிப்பில் சொன்னதற்கு ஒரு வரம்பு போட வேண்டும், இல்லையென்றால் புலக் கோட்பாடு தெரிந்த யாராவது சண்டைக்கு வருவார்கள். எலக்ட்ரான் தன் சொந்த மின்காந்தப் புலத்தோடு உறவாடுவது உண்டு. 1947-இல் லாமும் ரெதர்ஃபோர்டும் ஹைட்ரஜனின் இரண்டாம் மட்டத்தில் அளந்த சிறு இடைவெளி பெரும்பாலும் அதனால் வருவதுதான்: சுமார் 1,057 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஓர் எலக்ட்ரான் வோல்ட்டின் 10 லட்சத்தில் 4 பங்கு. அடிநிலையில் பெயர்ச்சி இதைவிடப் பெரிது, 8 கிகாஹெர்ட்ஸைச் சற்றே தாண்டும். அதையும் மேகம் கேட்ட 8.5 எலக்ட்ரான் வோல்ட்டோடு ஒப்பிட்டால் இரண்டு லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். தன்னோடு உறவாடல் இருக்கிறது. மேகம் மேகத்தைத் தள்ளும் உறவாடல் இல்லை.

ஜனவரி 20

கணினியில் மூலக்கூறு கணக்குப் போடுபவர்களுக்கு இது தத்துவப் பிரச்சினையே இல்லை, தினசரித் தொல்லை. அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டில் (அலைச்சார்புக்குப் பதில் எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் முறை) மொத்த அடர்த்தியின் கூலூம் விலக்கை முதலில் போட்டுவிடுவார்கள். அதில் ஒவ்வோர் எலக்ட்ரானும் தன்னைத் தள்ளுவதும் சேர்ந்துவிடுகிறது. பிறகு பரிமாற்ற உறுப்பு (எலக்ட்ரான்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாததால் வரும் திருத்தம்) அதைத் துடைக்க வேண்டும். ஹார்ட்ரீ–ஃபோக் என்ற பழைய கணக்கு முறையில் முழுதாகத் துடைபட்டுவிடும். எளிய தோராயங்களில் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். பெர்ட்யூவும் ஜுங்கரும் 1981-இல் இதற்கென்றே ஒரு திருத்தம் எழுதினார்கள்.

நான் ஒரு சின்ன நிரல் எழுதி, பரிமாற்றத்தை வேண்டுமென்றே அணைத்துவிட்டு ஹைட்ரஜனை ஓட்டிப் பார்த்தேன். ஒற்றை எலக்ட்ரான் தன்னைக் கண்டு தானே மிரண்டு உப்பி வெளியே போவது வரைபடத்தில் தெரிந்தது. படிக்கிற காலத்தில் யாராவது எனக்கு இந்த வரைபடத்தைக் காட்டியிருந்தால் எவ்வளவோ நேரம் மிச்சமாகியிருக்கும். இரண்டு புரோட்டான்களைத் தூரமாக வைத்து நடுவே ஓர் எலக்ட்ரானை விட்டால் வேடிக்கை வேறு விதம். எளிய தோராயங்கள் எலக்ட்ரானைப் பாதி–பாதியாகப் பிரித்து வைத்து, இருக்க வேண்டியதைவிடக் குறைந்த ஆற்றலைக் காட்டும். அரை எலக்ட்ரான் என்றால் அவற்றுக்கு அவ்வளவு ஆசை.

ஜனவரி 22

"சரி, இரண்டு எலக்ட்ரான் இருந்தால் இரண்டு மேகம் என்று வைத்துக்கொள்ளலாமா?"

ஹீலியத்தில் பாருங்கள். விலக்கே இல்லை என்றால் மொத்தப் பிணைப்பு 108.8 எலக்ட்ரான் வோல்ட். இரண்டு மேகங்களின் விலக்கு 34, கழித்தால் 74.8. அளந்த மதிப்பு 79.0. பரவாயில்லையே என்று தோன்றும். மேகங்களின் வடிவத்தைச் சிறப்பாகச் சரிசெய்தால் 77.9 வரை போகலாம். கடைசி 1.1 மட்டும் எந்த மேகத்தாலும் வராது. ஏனென்றால் ஓர் எலக்ட்ரான் இந்தப் பக்கம் அகப்பட்டால் மற்றது அந்தப் பக்கம் அகப்படும் வாய்ப்பு அதிகம். இரண்டு மேகங்களைத் தனித்தனியாக வரைந்தால் இந்தத் தகவல் தொலைந்துவிடும். இரண்டு எலக்ட்ரான்களின் அலைச்சார்பு ஆறு ஆயங்களைக் கேட்கிறது, ஒவ்வொன்றின் இடத்துக்கும் மூன்று எண்கள். நாம் வாழும் மூன்று பரிமாணத்தில் அது பரவியிருக்கிறது என்று சொல்லவே முடியாது. ஷ்ரோடிங்கரின் மேகத்துக்கு எனக்குத் தெரிந்து இதுவே பெரிய அடி, தன்விலக்கைவிடவும்.

ஜனவரி 23

1.1 என்றால் சில்லறைதானே என்று எழுதியிருக்கிறார்கள். சில்லறை எவ்வளவு செய்யும் என்பதற்கு எதிர்மின்னூட்டமுள்ள ஹைட்ரஜன் அயனியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு புரோட்டான், இரண்டு எலக்ட்ரான். ஒரே வடிவமுள்ள இரண்டு மேகங்களாகப் போட்டால், எவ்வளவு சரிசெய்தாலும் பிணைப்பு 13.3-க்குமேல் போகாது. தனி ஹைட்ரஜனுக்கே 13.6. அதாவது இரண்டாவது எலக்ட்ரான் ஒட்டவே கூடாது, அப்படி ஓர் அயனியே இருக்க முடியாது. நிஜத்தில் இருக்கிறது, 0.75 எலக்ட்ரான் வோல்ட் பிணைப்போடு. சூரியனின் மேற்பரப்பில் கட்புலன் ஒளியை உறிஞ்சி அதை ஒளிபுகாததாக்குவது பெரும்பாலும் இந்த அயனிதான்.

வானியற்பியலாளர் சந்திரசேகர் 1944-இல் ஒரு எளிய அலைச்சார்பை எழுதினார். இரண்டு எலக்ட்ரான்களுக்கும் ஒரே அளவு என்பதை விட்டுவிட்டு, ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, யார் உள்ளே யார் வெளியே என்பதை இரண்டு விதமாகவும் சமமாகக் கூட்டி வைத்தார். அளவுகளைத் தீர்மானிக்கும் இரண்டு எண்கள் 1.039, 0.283. மொத்தப் பிணைப்பு 13.97 ஆகிவிடுகிறது, அயனி ஒட்டிக்கொள்கிறது. முழு 0.75-இல் பாதியளவு இந்த இரண்டே எண்களில் வந்துவிடும். அந்த அலைச்சார்பிலிருந்து அடர்த்தியை மட்டும் வரைந்தால் உருண்டையான, ஓரம் நீண்ட ஒரே மேகம் தெரியும். ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது வெளியே என்பது அந்தப் படத்தில் இருக்காது. என் நிரலை இதற்காக மாற்றிக்கொண்டிருக்கிறேன், யாருக்காவது வேண்டுமானால் கீழே கேளுங்கள்.